ஒரு கரண்டி போதும்

மழைக்காலம் வந்தால் தயிருக்குக் குளிரும். இதைச் சொன்னால் வெளியாட்கள் சிரிப்பார்கள். வீட்டை ஒட்டியிருந்த அந்தத் தயிர்க் கொட்டகையில் வேலை செய்கிற யாரும் சிரிக்க மாட்டார்கள். சாயங்காலம் உறை ஊற்றி வைத்த டப்பாக்களின் மேல் பழைய கம்பளிகளையும் கிழிந்த மெத்தை உறைகளையும் போர்த்தி, நாலு பக்கமும் இழுத்துச் செருகி, பிள்ளைகளைத் தூங்க வைப்பது போல வைத்துவிட்டுத்தான் விளக்கை அணைப்பார்கள். எந்த டப்பாவின் மேலாவது கம்பளி விலகியிருந்தால், காலையில் அது பாலாகவும் இல்லாமல் தயிராகவும் இல்லாமல், முடிவெடுக்கத் தெரியாத ஆள் மாதிரி தளதளவென்று நிற்கும்.

அந்த வருடம் அந்த வீட்டு மருமகளுக்கும் அப்படித்தான் குளிர்ந்தது. மற்றவர்கள் அடுப்புச் சூட்டில் வியர்த்து நின்றபோது அவள் மட்டும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, அதன் மேல் ஏப்ரன் கட்டிக்கொண்டு, பால் அண்டாவை ஒட்டியே நின்றாள். மூன்றாவது மாதம். வாயும் வயிறுமாக இருக்கிறவளுக்கு உடம்பு சூடாகத்தானே இருக்கும் என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். சோர்வு வேறு. படியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. வாய்வரை வந்த சொல் திரும்பி உள்ளே போய்விடும். சீப்பில் முடி கொத்தாக வந்தது.

போன வருடம் ஒன்று வந்து, மூன்றாம் மாதம் முடிவதற்குள் போயிருந்தது. அதனால் இந்தத் தடவை யாரும் எதையும் "சும்மா அசதிதான்" என்று விட்டுவிடவில்லை. டாக்டரிடம் போனார்கள். ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு என்றார்கள்.

கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுகிற டாக்டரம்மா மாமியாருக்கும் புரிகிற மாதிரி சொன்னார். "கழுத்துல ஒரு சின்ன சுரப்பி இருக்கும்மா. அது மெதுவா வேலை செய்யுது. 'ஏய், வேகமாச் செய்'னு தலையில இருந்து அதைப் பாத்துக் கத்துறாங்க. இந்த நம்பர் இருக்கே, இது அந்தக் கத்தல்தான். எவ்வளவு கத்துறாங்கன்னு காட்டும். ரெண்டு, ரெண்டரைக்குள்ள இருக்கணும். இவங்களுக்கு ஒன்பது."

"நான் இவனப் பாத்துக் கத்துற மாதிரி" என்றாள் மாமியார், மகனைக் காட்டி.

"அதே மாதிரி. சுரப்பி தர வேண்டியதை நாம மாத்திரையா குடுத்துட்டா கத்தல் நின்னுடும். குழந்தைக்கும் அது வேணும். மூளை வளர்றதுக்கு வேணும். தினம் காலையில வெறும் வயித்துல ஒரு மாத்திரை. போட்டு ஒரு மணி நேரம் டீ, பால், பிஸ்கட் எதுவும் கூடாது. அதுல மட்டும் கண்டிப்பா இருக்கணும்."

மாமியார் சிரித்தே விட்டாள். "கண்டிப்பா? டாக்டரம்மா, எங்க வீட்ல முப்பது வருஷமா அதான் பழக்கம். தயிர் பாத்து முடியுற வரைக்கும் பச்சைத் தண்ணிகூடப் பல்லுல படாது."

அது உண்மைதான். தயிர் பார்க்கிற ஆள் வெறும் வயிற்றில்தான் பார்க்க வேண்டும் என்பது அந்தக் கொட்டகையின் சட்டம். ஒரு வாய் டீ போனாலும் நாக்கு பொய் சொல்லும் என்பாள் மாமியார்.

நாற்பத்திரண்டு டப்பா. ஒவ்வொன்றின் மூடியையும் திறந்து, நடுவைக் கலைக்காமல் ஓரமாக ஒரு கரண்டி வெட்டி எடுத்து, வாயில் வைத்து, விழுங்கி, நான்கு மூச்சு நிற்க வேண்டும். துப்பக்கூடாது. "புளிப்பு பின்னாடி வர்ற ஆளு. முழுங்கினாத்தான் வரும்" என்பது இன்னொரு சட்டம். பிறகு மூடியில் சாக்பீஸால் குறி. வட்டம் போட்டால் பள்ளிக்கூடத்துச் சமையலறைக்கு. கோடு போட்டால் ஆஸ்பத்திரி கேண்டீனுக்கு. பெருக்கல் குறி போட்டால் புளிப்பு கேட்கிற சாப்பாட்டுக் கடைகளுக்கு. குறியைப் பார்த்துத்தான் மகன் எடுத்துக் கொடுப்பான், வேன்காரர் ஏற்றுவார். ஆறரைக்கு வேன் கிளம்பும்.

ஐந்து வருடமாக அந்தக் கரண்டி மருமகள் கையில்தான். கரண்டி என்றால் விரல் நீளத்தில் எவர்சில்வர். வேலை இல்லாத நேரத்தில் ஏப்ரன் கயிற்றில், இடுப்போரம் செருகியிருக்கும்.

அவள் அந்த வீட்டுக்கு வந்ததே சண்டை போட வந்துதான். அப்போது ஆஸ்பத்திரி கேண்டீனில் பாத்திரம் தேய்க்கிற பெண். ஒரு நாள் டப்பாவோடு நேராகக் கொட்டகைக்கே வந்து, "நேத்து இதுக்குப் போட்ட உறை முந்தாநாளோடது. எங்க நோயாளிங்க தலையிலதான் கட்டணுமா?" என்று கேட்டாள். மாமியார் அவளை மேலும் கீழும் பார்த்து, "எப்படித் தெரிஞ்சுது?" என்றாள். "வாயில வெச்சா தெரியாதா?" அடுத்த மாதம் பெண் கேட்டுப் போனார்கள். "எனக்குப் பொண்ணு பாத்தாங்களா, தயிருக்குப் பாத்தாங்களான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல" என்று கணவன் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான். அவளை "நாக்கு மேடம்" என்றுதான் கூப்பிடுவான்.

ஆகவே மாத்திரை விஷயத்தில் யாருக்கும் கவலை இல்லை. காலை ஐந்து மணிக்கு மாமியார் ஒரு கையில் மாத்திரையும் ஒரு கையில் அரை டம்ளர் தண்ணீருமாகக் கட்டில் அருகில் நிற்பாள்.

"வாயத் திற."

"நானே போட்டுக்குறேன் அத்தை."

"திறடின்னா."

விழுங்கியதும், "நாக்கத் தூக்கு. ம். இந்தப் பக்கம். சரி, எழுந்து வா, தயிர் காத்துட்டு இருக்கு."

நாலு வாரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். ஒன்பதிலிருந்து எட்டரை. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். இன்னும் நாலு வாரம் ஓடியது.

இந்த இரண்டு மாதத்தில் மருமகள் வேறொன்றை வயிற்றைவிடப் பத்திரமாக மூடி வைத்திருந்தாள். அவள் நாக்கு போய்விட்டது.

ஒரே நாளில் போகவில்லை. முதலில் பதினேழாவது டப்பாவுக்கும் பதினெட்டாவது டப்பாவுக்கும் வித்தியாசம் மங்கியது. சளி பிடித்திருக்கும் என்று நினைத்தாள். பிறகு ஒரு கரண்டியில் தெரியாதது இரண்டாவது கரண்டியில் தெரிந்தது. பிறகு மூன்றாவது கேட்டது. வாயில் வழவழவென்று குளிர்ச்சி மட்டும் இறங்கும், அதற்குப் பின்னால் வர வேண்டிய ஆள் வரவே மாட்டார். நாலு மூச்சு நிற்பாள், எட்டு மூச்சு நிற்பாள். கூப்பிட்ட வீட்டில் யாரும் இல்லாதது போல இருக்கும். கடைசியில் மேலே தேங்கியிருக்கும் தண்ணீரைப் பார்த்து, மூடியின் உட்புறத்தை மோந்து பார்த்து, குத்துமதிப்பாகக் குறி போடுவாள்.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? பாத்திரம் தேய்த்தவளை இந்த வீட்டுக்குள் கூட்டி வந்தது முகமோ படிப்போ இல்லை, நாக்கு. மாமியார் ஊரெல்லாம் பெருமை பேசுவது அதைப் பற்றி. புருஷன் ஆசையாகக் கூப்பிடுகிற பெயரே அது. அது போய்விட்டால் இந்தக் கட்டிலில் படுத்திருப்பவள் யார்? வயிற்றில் கை வைத்துக்கொண்டு யோசிப்பாள். உனக்காவது நாக்கு இருக்கட்டும் என்று உள்ளே இருப்பதிடம் சொல்வாள். சொன்ன உடனே பயம் வரும். தன்னிடம் ஒவ்வொன்றாகக் கழன்று போவது போல அதுவும் போய்விடுமோ என்று.

ஒரு நாள் பள்ளிக்கூடத்துச் சமையல்காரம்மா போன் செய்தார். "என்னக்கா இது, பிள்ளைங்க மூஞ்சிய அஷ்டகோணலாக்கிட்டு ஓடுதுங்க. உங்க தயிருக்கு என்ன கோவம்?"

மாமியார் போனை வைத்ததும் மகனைப் பிடித்தாள். "கண்ணைப் பொடனியில வெச்சுட்டா ஏத்துன? பெருக்கல் டப்பாவப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக் குடுத்திருக்க."

கணவன் ஒரு நிமிடம் மனைவியைப் பார்த்தான். பிறகு பால் கிண்டும் துடுப்பைத் தூக்கிக்கொண்டே, "தூக்கக் கலக்கம்மா. கை மாறிப்போச்சு" என்றான்.

"கை மாறுமா? உன்ன மாத்தியிருக்கணும் ஆஸ்பத்திரியிலேயே."

மருமகள் அதற்குச் சிரித்தாள். சிரித்ததற்காக அன்று முழுவதும் தன்னைத் திட்டிக்கொண்டாள். வட்டம் போட்டது அவள்தான்.

மறுநாளிலிருந்து எந்த டப்பாவுக்கும் மூன்று கரண்டிக்குக் குறையவில்லை. சிலதுக்கு நாலு.

மூன்றாவது முறை டாக்டரிடம் போனபோது நம்பர் எட்டு புள்ளி ஒன்பது. டாக்டரம்மா காகிதத்தை மேஜையில் வைத்து, கண்ணாடியை இறக்கி, மூன்று பேரையும் பார்த்தார். வெளியே தூறல். பிளாஸ்டிக் நாற்காலிகளில் இன்னும் ஏழெட்டுக் கர்ப்பிணிகள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"மாத்திரைய இரண்டு மடங்கு ஆக்கிட்டேன். நம்பர் ஏறியிருக்கு. கோவிச்சுக்காம சொல்லுங்க, போடுறீங்களா இல்லையா?"

மாமியார் நிமிர்ந்தாள். "டாக்டரம்மா, நான் பக்கத்துல நின்னு போடுறேன். நாக்கத் தூக்கச் சொல்லிப் பாக்குறேன். கன்னத்துக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்காளான்னு விரல விட்டுப் பாக்காததுதான் பாக்கி."

"அதையும் ஒரு நாள் பாத்தீங்க அத்தை."

"பாத்தேன். அதுல என்ன தப்பு?"

டாக்டர் சிரிப்பை அடக்கினார். "சரி. கண்ணு முழிச்சதுல இருந்து என்னென்ன பண்றீங்க, ஒண்ணு விடாம சொல்லுங்க."

"அஞ்சு மணிக்கு மாத்திரை" என்றாள் மருமகள். "அரை டம்ளர் தண்ணி. அப்புறம் முகம் கழுவிட்டுக் கொட்டகைக்குப் போவேன்."

"டீ?"

"ஆறரைக்கு வேன் போன பெறகுதான்."

"நடுவுல பால், பழம், ரொட்டி?"

"ஒண்ணும் இல்ல டாக்டர்."

"கொட்டகையில என்ன வேலை?"

"தயிர் பாப்பேன்."

"பாக்குறதுன்னா? கண்ணாலயா?"

மாமியாருக்கு அந்தக் கேள்வியே அவமானமாகப் பட்டது. "கண்ணால பாக்க இவ எதுக்கு? என் பையன் போதுமே. வாயால. டப்பாவுக்கு ஒரு கரண்டி."

டாக்டர் பேனாவை மூடினார். "முழுங்குவாங்களா?"

"முழுங்காம எப்படித் தெரியும்?"

"எத்தனை டப்பா?"

"நாப்பத்திரண்டு."

டாக்டர் மெதுவாகக் கேட்டார். "மாத்திரை போட்டுட்டு, உடனே போய் நாப்பத்திரண்டு கரண்டி தயிர் சாப்பிட்டுட்டு, வெறும் வயிறுன்னு சொல்றீங்க."

"சாப்பிடுறதில்லைங்க, ருசி பாக்குறது" என்றார்கள் மூன்று பேரும் ஒரே குரலில்.

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். கதவுக்கு வெளியே இருந்த நர்ஸ் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, பால்லயும் தயிர்லயும் கால்சியம் இருக்கு. அது மாத்திரைய ரத்தத்துல சேர விடாது, பிடிச்சு வெச்சுக்கும். நீங்க ருசி பாத்தீங்களா சாப்பிட்டீங்களான்னு அதுக்குத் தெரியாது" என்றார். பிறகு ஏதோ கணக்குப் போடுவது போல நெற்றியைச் சுருக்கினார். "ஆனாலும் டோஸ் கூட்டியும் அசையலையே... கரண்டி எவ்வளவு பெருசு?"

மருமகள் பையிலிருந்து அதை எடுத்துக் காட்டினாள்.

"சின்னதுதான். இதுல ஒரு தடவைதானே, டப்பாவுக்கு?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனியில் அது வந்து நின்றது. பக்கத்தில் மாமியாரின் முழங்கை இடித்துக்கொண்டிருந்தது. சோப்பும் புகையும் கலந்த வாசனை, இந்த ஐந்து வருடமாகத் தன் வீடு என்று தெரிந்துகொண்ட வாசனை. ஆமாம் என்றால் வீடு அப்படியே இருக்கும். ஆனால் டாக்டர் தப்பாகக் கணக்குப் போடுவார். போன வருடம் வெறும் கையோடு இதே அறையிலிருந்து வெளியே போனது நினைவுக்கு வந்தது. அன்று சொல்லாமல் விட்டது எதுவும் இல்லை. இன்று இருக்கிறது.

"மூணு" என்றாள். "சில டப்பாவுக்கு நாலு."

"எதுக்குடி மூணு?" என்றாள் மாமியார்.

"தெரியல அத்தை. நாக்குல ஒண்ணுமே தெரியல. ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. சும்மா பாத்து, மோந்து குறி போடுறேன். பள்ளிக்கூடத்துத் தயிரும் நான் போட்ட வட்டம்தான்." சொல்லிவிட்டு மேஜையின் ஓரத்தையே பார்த்தாள். கண்ணீர் வரும் என்று நினைத்தாள். வரவில்லை. தலையில் சுமந்த அண்டாவை இறக்கி வைத்த மாதிரி கழுத்து லேசாக இருந்தது.

டாக்டர் பேச்சை எடுத்துக்கொண்டார். "இந்தச் சுரப்பி மந்தமானா சில பேருக்கு ருசியும் மந்தமாகும். இப்பப் புரியுதா? மாத்திரை சேராததால நாக்கு மந்தம். நாக்கு மந்தமானதால கூடத் தயிர். கூடத் தயிரால மாத்திரை சேரல."

"செக்குமாடு சுத்துற மாதிரி" என்றான் கணவன்.

"நாக்கு திரும்புமா டாக்டர்?" என்று மருமகள் கேட்டாள். கேட்ட மறுநொடி, "குழந்தை?" என்றாள். வரிசை மாறிவிட்டதே என்று வெட்கமாக இருந்தது.

"குழந்தை போன வாரம் எடுத்த ஸ்கேன்ல நல்லா வளர்ந்திருக்கு. துடிப்பும் நல்லா இருக்கு. அதுக்காக மெத்தனமா இருக்க முடியாது, இனிமே ஒரு மாத்திரையும் வீணாகக்கூடாது. டோஸ் இப்ப கூட்டல, இதுவே ஒழுங்கா சேரட்டும். தயிருக்கும் மாத்திரைக்கும் நடுவுல ரெண்டு மணி நேரம். இரும்பு, கால்சியம் மாத்திரையெல்லாம் மத்தியானத்துக்கு மேல. நாக்கு திரும்பும்னுதான் நினைக்கிறேன். பாப்போம்."

திரும்பும்போது வேனில் முன்பக்கம் மூன்று பேர்தான் உட்கார முடியும். கணவன் பின்னால் காலி டப்பாக்களுக்கு நடுவே குந்தி, நடுவில் இருந்த சின்ன ஜன்னல் வழியாக முகத்தை நீட்டிக்கொண்டு வந்தான். வேன்காரர் துடைப்பான் ஓடாத கண்ணாடியைக் கையால் துடைத்துத் துடைத்து ஓட்டினார். மாமியார் மடியில் இருந்த பையின் வாரை முறுக்குவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

பஸ் கேரேஜ் திருப்பம் வந்தது. மாமியார் சாலையைப் பார்த்தபடியே, "ஆறு வருஷமா எனக்கும் நாக்கு இல்லடி" என்றாள்.

வேன் ஒரு குலுங்கு குலுங்கியது. வேன்காரர்தான் பிரேக்கை மிதித்துவிட்டார்.

"என்னக்கா சொல்றீங்க?"

"நீ ரோட்டப் பாரு. ஆமா. ஒரு காய்ச்சல் வந்துச்சே, அதோட போச்சு. ஒரு வருஷம் யாருக்கும் தெரியாம நானும் மோந்து மோந்துதான் வட்டம் போட்டேன். அப்பதான் இவ டப்பாவத் தூக்கிட்டு சண்டைக்கு வந்தா. உறை முந்தாநாளோடதுன்னு இவ சொன்னப்ப எனக்கு உள்ளுக்குள்ள எப்படி இருந்துச்சு தெரியுமா? அது முந்தாநாளோடதுன்னு எனக்கே தெரியாது."

மருமகள் அவளையே பார்த்தாள். ஐந்து வருடம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. கரண்டியை நீட்டும்போதெல்லாம் "என்கிட்ட எதுக்குக் காட்டுற, நீ சொன்னா சரி" என்றது. சாப்பிட உட்கார்ந்தால் உப்பு டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டது. அதையெல்லாம் பெருந்தன்மை என்றும் ரத்தக்கொதிப்பைப் பற்றிய அலட்சியம் என்றும் நினைத்திருந்தாள்.

"அத்தை, அப்ப என்னத் திட்டுவீங்கன்னு நான்..."

"எந்த வாயால திட்டுறது?"

முதலில் சிரித்தது யார் என்று பிறகு அவர்களால் சொல்ல முடியவில்லை. இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். மாமியாருக்கு இருமலே வந்துவிட்டது. ஜன்னல் வழியாகக் கணவன், "அப்ப இந்த ரெண்டு மாசமா நம்ம ஊருக்குத் தயிர் பாத்தது யாரு? யாருமே இல்லையா?" என்றான். அதற்கு வேன்காரரும் சேர்ந்து சிரித்ததில் வேனை ஓரமாக நிறுத்த வேண்டியதாயிற்று.

சிரிப்பு அடங்கியதும் அவன் மெதுவாகச் சொன்னான். "அன்னிக்கு மூடியில வட்டம்தான் இருந்துச்சு. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா திட்டு வாங்குனீங்க?"

"எனக்கென்ன, பழக்கந்தானே."

வீட்டுக்கு வந்ததும் மாமியார் செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை எடுத்தாள். ஐந்து மணிக்கு மாத்திரை. ஏழு மணிக்குத் தயிர். அப்படியென்றால் வேன் எட்டு மணிக்குத்தான் கிளம்பும். மாத்திரையை மூன்றரைக்குப் போடலாமே என்று மகன் சொல்லிப் பார்த்தான். "பிள்ளைத்தாச்சியத் தூங்க விடாம எழுப்பவா? ஊரு ஒன்றரை மணி நேரம் பொறுக்கட்டும்" என்று அவனை அடக்கிவிட்டு, ஒவ்வொரு கடையாகக் கூப்பிட்டாள்.

"ஆமா, நாளையில இருந்து எட்டு மணிக்கு மேலதான். மெஷின் ரிப்பேரு ஒண்ணும் இல்ல. என் மருமக மாத்திரை ரத்தத்துல சேரணும். தைராய்டு. கழுத்துல இருக்கு, உங்களுக்கும் இருக்கு, தொட்டுப் பாருங்க. காலையில தயிர் இல்லாம யாரும் செத்துட மாட்டாங்க, வைக்கிறேன்."

இப்படியாக ஊரில் பாதிப் பேருக்கு அவள் தைராய்டு தெரிந்துபோயிற்று. வேன் போகிற இடமெல்லாம் விசாரிப்பு. ஆஸ்பத்திரி கேண்டீனில் அவளோடு பாத்திரம் தேய்த்தவர்கள், "நம்பர் எறங்குச்சா?" என்று கேட்டனுப்பினார்கள். சாப்பாட்டுக் கடைக்காரர் ஒருவர் தன் மனைவியையும் ரத்தம் எடுக்கக் கூட்டிப்போனார். பள்ளிக்கூடத்துச் சமையல்காரம்மா தயிரை மத்தியானச் சாப்பாட்டுக்கு மாற்றிக்கொண்டு, "பொறக்கப் போறது எங்க பள்ளிக்கூடத்துலதான் சேரணும்" என்று சொல்லியனுப்பினார்.

ஏழு மணிக்குத் தயிர் பார்ப்பது ஒரு கூத்தாக இருந்தது. மருமகளுக்கு டப்பாவுக்கு ஒரு கரண்டி, அதற்கு மேல் கிடையாது என்று மாமியார் பக்கத்திலேயே நின்றாள். நாக்கு இன்னும் திரும்பாததால் கணவனையும் வேன்காரரையும் ஆளுக்கொரு கரண்டியோடு நிறுத்தினார்கள்.

"இது எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு" என்பான் கணவன்.

"இது?"

"இதுவும் நல்லா இருக்கு."

"புளிக்குதா இல்லையாடா?"

"தயிர்னா புளிக்கத்தானம்மா செய்யும்."

வேன்காரர் பரவாயில்லை. புளிப்பு ஏறினால் அவருக்கு இடது கண் தானாக மூடிக்கொள்ளும். கண் பாதி மூடினால் கோடு, முழுக்க மூடினால் பெருக்கல் என்று மருமகள் கணக்கு வைத்துக்கொண்டாள். அவர் அதைப் பெரிய பதவி உயர்வாக எடுத்துக்கொண்டு, வேன் ஓட்டும்போதுகூட இடது கண்ணைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டார்.

இரண்டு வாரத்தில் மருமகள் ஸ்வெட்டரைக் கழற்றினாள். மூன்றாவது வாரம் படியில் உட்கார்ந்தவள் யாரும் கூப்பிடாமலே எழுந்தாள். உள்ளே ஒரு பூச்சி ஊர்வது போல அசைவு வந்தது. பிறகு பூச்சி மீனாயிற்று. நாலாவது வாரம் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள். மறுநாள் காலை பத்து மணிக்குப் போனில் சொல்வதாகச் சொன்னார்கள்.

அந்த மறுநாள் மழை விட்டிருந்தது. கொட்டகையின் தகரக் கூரையில் சொட்டுகள் மட்டும் இடைவெளி விட்டு விழுந்தன. மருமகள் முதல் வரிசையை முடித்தாள். பதினோராவது டப்பா. மூடியைத் திறந்து, ஓரமாக வெட்டி, வாயில் வைத்து, விழுங்கினாள். ஒரு மூச்சு. இரண்டு. மூன்று.

வந்தது.

புளிப்பு வந்தது. எப்போதும் போல தொண்டைக்குப் பின்னாலிருந்து, தாமதமாக வருகிற விருந்தாளி மாதிரி, கதவைத் தள்ளிக்கொண்டு வந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. லேசான புகை. அடுத்த டப்பாவைத் திறந்தாள். அதிலும் இருந்தது. அதற்கடுத்ததில் இல்லை.

"நேத்து ரெண்டாவது அண்டாவ யாரு கிண்டுனது?"

கணவன் டப்பாக்களை அடுக்குவதை நிறுத்தினான். "நான்தான். ஏன்?"

"நடுவுல போன் வந்துச்சா?"

"இ... இல்லையே."

"அடி பிடிச்சிருக்கு. அடிய விட்டுட்டு மேலாப்புல மொண்டு இந்த ரெண்டு டப்பாவுல ஊத்தியிருக்கீங்க. அதுக்கப்புறம் இருக்கிறது மூணாவது அண்டா."

அவன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். பிறகு துடுப்பைத் தூக்கித் தலைக்கு மேல் ஆட்டினான். "அம்மா! அம்மா, இங்க வாங்க! என்னத் திட்டிட்டா! கண்டுபிடிச்சுட்டா! ரெண்டே டப்பாதாம்மா, நானே மறந்துட்டேன்!"

அடுப்பைப் பார்க்கப் போயிருந்த மாமியார் சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். வேன்காரர் கையில் கரண்டியோடு, இடது கண் பாதி மூடியபடி நின்றார். "அப்ப நாளையில இருந்து நான் வேணாமா?" என்றார், கொஞ்சம் வருத்தமாக.

"ஒரு கரண்டிலயா?" என்றாள் மாமியார்.

"ஒரு கரண்டி போதும் அத்தை."

மாமியார் அந்தக் கரண்டியை வாங்கினாள். பதினோராவது டப்பாவில் ஓரமாக வெட்டி, தன் வாயில் வைத்து, விழுங்கி, நாலு மூச்சு நின்றாள். எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

"ஒண்ணும் தெரியல" என்றாள். சொல்லும்போது அவள் முகம் அப்படி மலர்ந்திருந்தது. "நீ சொன்னா சரி."

பத்து மணிக்குப் போன் வந்தது. ஒலிபெருக்கியில் போட்டார்கள். இரண்டு புள்ளி ஒன்று என்றது நர்ஸின் குரல். இதே டோஸ் தொடரணும், அடுத்த மாதம் மறுபடி பார்க்கணும், டாக்டரம்மா ஒரு டப்பா தயிர் கேட்டாங்க, காசுக்குத்தான், என்றது. மாமியார் போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, மகனைப் பார்த்து, "கத்தல் நின்னு போச்சுடா" என்று கத்தினாள்.

மருமகள் கரண்டியைக் கழுவித் துடைத்து, பழக்கத்தில் இடுப்போரம் செருகப் போனாள். அங்கே இடுப்பு இல்லை. ஏப்ரன் கயிறு வயிற்றின் மேல் ஏறியிருந்தது. சரி என்று அங்கேயே, வயிற்றின் மேட்டில் செருகிக்கொண்டு, ரெண்டாவது அண்டாவின் அடியைச் சுரண்டுவதற்கு ஆளைத் தேடினாள். ஆள் தெரு முனை வரைக்கும் போய் எல்லோரிடமும் நம்பரைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

கூப்பிட வாயெடுத்தவள் நின்றாள். உள்ளே மீன் ஒரு முறை நன்றாகப் புரண்டது. ஏப்ரன் மேல் கரண்டி, யாரும் தொடாமலே, மெல்ல ஒரு பக்கம் சாய்ந்து திரும்பி நின்றது.

"அத்தை," என்றாள், "இங்க வாங்க. ஒருத்தர் கரண்டி கேக்குறாங்க."